நெறியாளர்கள் சேர்ந்து சுயாதீன அரங்கக் கலைஞர்களுக்கு ஓர் அமைப்பு: எங்கே தொடங்குவது?

மேடைவாசல் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் தமிழ் நாடகம் நெறியாள்கை செய்கிற எட்டுப் பேர் கூடிக் கதைத்திருக்கிறோம். நடிகர், ஒளியமைப்பாளர், இசைக்காரர், உடை, ஒப்பனை, மேடை முகாமை என்று எங்களோடு வேலை செய்கிற யாருக்கும் நிரந்தரச் சம்பளம் இல்லை. எங்களுக்கும் இல்லை. ஒரு மேடையேற்றத்துக்குப் பேசிக் கொடுப்பதுதான். கடிதம் கிடையாது. நிகழ்ச்சி நின்றுபோனால் அதுவரை செய்த ஒத்திகைக்குக் காசும் கிடையாது.

இந்த ஆட்கள் எல்லோருக்காகவும் பேசக்கூடிய ஓர் அமைப்பை நெறியாளர்கள் முன்னின்று தொடங்கலாமா என்பதுதான் கேள்வி. தொழிற்சங்கமாகப் பதிவதா, கலை மன்றமாகப் பதிவதா? பதிவுக்கு முன்பே செய்யக்கூடியது என்ன? அவசர உதவிக்கு ஒரு நிதி வைக்க விருப்பம், அதை எப்படி நடத்துவது? சட்டம், கணக்கு, மேடைப் பின்வேலை தெரிந்தவர்கள் விபரமாக எழுதினால் நல்லது.

—

ஏழாம்கையொப்பம் எழுதுகிறார்:

முதலில் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். இதில்தான் பல குழுக்கள் ஆரம்பத்திலேயே தடம் மாறுகின்றன.

1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். சங்கம் அமைந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பதிவாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகம் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில். யாப்பில், அதாவது சங்கத்தின் விதிக்கோவையில், சங்கத்தின் நோக்கம், பணம் எதற்குச் செலவாகும், கணக்காய்வு, தெரிவு முறை, கலைப்பு என்பவை எழுதியிருக்க வேண்டும். பதிந்த பிறகு ஒவ்வொரு வருடமும் கணக்கறிக்கை போக வேண்டும். அதை இரண்டு மூன்று வருடம் மறந்துவிட்டுப் பதிவைப் பறிகொடுக்கிற சங்கங்கள் உண்டு. உறுப்பினர் தொகை ஏழுக்குக் கீழே போனாலும் அதே கதிதான்.

“நாங்கள் ஊழியர் இல்லையே, எங்களுக்கு எப்படித் தொழிற்சங்கம்?” என்று கேட்பீர்கள். சட்டம் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குக் கொடுக்கிற பொருள் அகலமானது. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் மட்டுமல்ல, ஒரு வேலையைத் தானே நேரில் செய்து கொடுப்பதாக உடன்பட்டவரும் அதில் அடங்குவார். அந்த உடன்பாடு வாய்ப்பேச்சாக இருந்தாலும் சரி. நடிகரும் மேடை முகாமையாளரும் இதற்குள் வருவார்கள். சொந்தமாக விளக்குகளும் டிமரும் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து, நாலு பெடியன்களை அனுப்பி வாடகைக்கு விடுகிறவர் வரமாட்டார். அது வியாபாரம். அதே ஆள் உங்கள் நாடகத்துக்குத் தானே இருந்து ஒளி வடிவமைத்தால் அந்த வேலைக்கு வருவார். உறுப்பினர் படிவத்தில் இந்த வேறுபாட்டைக் கேட்டு எழுதி வையுங்கள்.

அடுத்ததுதான் உங்களுக்கு முக்கியமானது. சட்டப்படி சங்கம் என்றால் தொழிலாளர் சங்கமாகவும் இருக்கலாம், வேலைகொள்வோர் சங்கமாகவும் இருக்கலாம். நீங்கள் எந்தப் பக்கம்? நிறுவனம் ஒன்று உங்களை அழைத்து நெறியாளச் சொன்னால் நீங்கள் தொழிலாளி. நீங்களே அனுசரணை தேடி, மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, நடிகருக்குக் காசு கொடுத்தால் அந்த நாடகத்தில் நீங்கள்தான் வேலைகொள்வோர். கொழும்பில் தமிழ் நாடகம் அதிகமும் இரண்டாவது வகையில்தான் நடக்கிறது. ஒரே ஆள் மார்கழியில் ஒரு பக்கமும் சித்திரையில் மறு பக்கமும் நிற்பார்.

வெளிநாட்டில் இதற்கு இரண்டு வழி எடுத்தார்கள். நியூயோர்க்கில் நடிகருக்கு 1913 முதல் தனிச் சங்கம் இருந்தது. மேடை நெறியாளர்கள் 1959இல் தங்களுக்கென்று வேறு சங்கம் அமைத்தார்கள். பிரித்தானியாவில் 1930இல் தொடங்கிய ஈக்விட்டி என்ற சங்கம் நடிகர், நெறியாளர், வடிவமைப்பாளர், மேடை முகாமையாளர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொழிலுக்கும் தனிக் குழு கொடுக்கிறது. எங்கள் தொகைக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். ஆனால் யாப்பில் ஒரு விதி கட்டாயம் வேண்டும்: ஒரு மேடையேற்றத்துக்குக் காசு கொடுக்கிற பொறுப்பில் இருக்கிறவர், அது முடிந்து எல்லோருக்கும் கணக்குத் தீர்க்கும்வரை செயற்குழுவில் இருக்கக் கூடாது. கட்டண விடயங்களில் வாக்களிக்கவும் கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் முதலாவது கட்டணத் தகராறிலேயே சங்கம் உடையும்.

பேரம் பேசும் உரிமையையும் தெரிந்து வைத்திருங்கள். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தப்படி, எந்தத் தொழிலாளர் சார்பில் பேசப் போகிறீர்களோ அவர்களில் 40 வீதத்துக்குக் குறையாதவர்கள் உங்கள் உறுப்பினர் என்றால் வேலைகொள்வோர் பேச மறுக்க முடியாது. பன்னிரண்டு பேரை அமர்த்திய தயாரிப்பில் ஐந்து பேர் உறுப்பினராக இருந்தால் போதும். எனவே கொழும்பு முழுக்க ஆள் சேர்த்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தயாரிப்பில் ஐந்து பேரைச் சேருங்கள்.

—

பட்டறைவிளக்கு எழுதுகிறார்:

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன், ஆனால் ஒரு படி முன்னே போய்ச் சொல்ல வேண்டும். நெறியாளர்கள் “எல்லோருக்காகவும் பேசுகிறோம்” என்று தொடங்கினால் மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அடுத்த நாடகத்துக்கு ஆள் எடுக்கிறவர் நீங்கள். உங்களிடம் போய் “ஒத்திகை இரவு பத்தரைக்கு முடிகிறது, இது சரியில்லை” என்று யார் சொல்வது?

ஆகவே பிரதிநிதித்துவம் கேட்பதற்கு முன், நெறியாளர்கள் எட்டுப் பேரும் தங்களைத் தாங்களே கட்டிப்போடுகிற ஒரு தாளில் கையொப்பம் வையுங்கள். பதிவு வேண்டாம், யாப்பு வேண்டாம், இன்றைக்கே செய்யலாம். நான் கேட்கிற உள்ளடக்கம் இது.

கடிதம் இல்லாமல் யாரையும் முதல் ஒத்திகைக்குக் கூப்பிடுவதில்லை. ஒத்திகை அட்டவணை இரண்டு வாரத்துக்கு முன் எழுத்தில் கொடுக்கப்படும். மாற்றினால் 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்லப்படும். ஒத்திகை இரவு 9 மணிக்கு முடியும், அதற்கு மேல் போனால் வீடு போகும் ஓட்டோக் காசு தயாரிப்பின் செலவு. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ் கிடைக்கும் என்று நினைத்து இழுப்பார்கள். வெள்ளவத்தையில் இருப்பவருக்கு அது சரி. வத்தளைக்கும் கொலன்னாவைக்கும் போகிற பிள்ளை இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது பஸ் அந்த நேரத்தில் இருக்காது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டனிலிருந்து வருகிறவருக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் கட்டணத்துக்கு வெளியே, தனி வரியில். “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று பேசினால் பயணச்சீட்டு விலை ஏறுகிற நாளில் அது அவருடைய கட்டணத்தைத் தின்னும்.

மேடை நாள் பற்றியும் ஒரு வரி வேண்டும். லயனல் வென்ட், எல்பின்ஸ்டன், தமிழ்ச் சங்க மண்டபம் எதுவானாலும் மண்டபத்தைக் கையேற்கும் நேரம் எழுதியிருக்கும். நெறியாளர் காட்சியமைப்பை மதியம் வரை மாற்றிக்கொண்டிருந்தால் விளக்குக் குவிப்புக்கு, அதாவது ஒவ்வொரு விளக்கையும் உரிய இடத்துக்குத் திருப்பிப் பொருத்துவதற்கு, ஒரு மணித்தியாலம்தான் மிஞ்சும். ஏணியில் ஒருவர் நிற்கும்போது கீழே நடிகர்கள் இடம் பிடித்துப் பார்ப்பார்கள். விபத்து அங்கேதான் நடக்கிறது. ஏணி விரிந்திருக்கும்வரை மேடையில் வேறு யாரும் ஏறக் கூடாது, குவிப்புக்குக் குறைந்தது மூன்று மணித்தியாலம், அந்த நேரத்தில் மேடை யாருடைய கட்டுப்பாட்டில் என்றால் மேடை முகாமையாளருடையது. நெறியாளரும் அவரிடம் கேட்டுத்தான் மேடையேற வேண்டும். இதை நெறியாளர்களே எழுதிக் கையொப்பம் வைத்தால், உங்களை நம்பலாம் என்று எங்களுக்குத் தெரியும்.

பிறகு தெரிவு. நடிகர் நடிகரைத் தெரிய வேண்டும், ஒளி–ஒலி ஆட்கள் தங்களில் ஒருவரை, உடை–ஒப்பனை–காட்சி ஆட்கள் தங்களில் ஒருவரை, மேடை முகாமையாளர் தங்களில் ஒருவரை. நெறியாளருக்கும் ஒரு ஆசனம்தான். எட்டுப் பேர் தொடங்கினார்கள் என்பதற்காக எட்டு ஆசனம் கிடையாது.

ஒளி, ஒலி வேலையில் சிங்கள நண்பர்கள் பலர். கடிதமும் தாளும் தமிழிலும் சிங்களத்திலும் பக்கத்துப் பக்கமாக இருக்க வேண்டும். தமிழில் மட்டும் அடித்துக் கொடுத்து “சும்மா ஒரு சைன்” என்று வாங்குவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

—

நாலாம்பத்தி எழுதுகிறார்:

கணக்குப் பக்கம்.

நிதியை முதல் நாளே தொடங்காதீர்கள். முதலில் பதிவு, பிறகு வங்கிக் கணக்கு, அதன் பிறகு சந்தா. தனியாள் ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் சங்கக் காசு போட்டால் இரண்டு விதமாகப் பிசகும். அவர் நோயில் விழுந்தாலோ வெளிநாடு போனாலோ காசை எடுக்க முடியாது. அவருடைய வரிக் கணக்கில் அது அவர் வருமானம் போலத் தெரியும். வங்கி கேட்பது வழமையாக யாப்பு, கணக்குத் திறக்கும் தீர்மானம் உள்ள கூட்டக் குறிப்பு, பதிவுச் சான்று, கையொப்பமிடுவோரின் அடையாள அட்டை. மூவரின் பெயர் கொடுத்து எந்த இருவரும் சேர்ந்து கையொப்பமிடலாம் என்று வையுங்கள். மூவரும் ஒரே நாடகத்தில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது.

தொழிற்சங்கப் பதிவு பிந்தும் என்றால், கலாசார உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்தில் கலை மன்றமாகப் பதிவது எளிது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனைப் பக்கம் கொழும்பு பிரதேச செயலகம். கலை மன்றமாக இருந்தால் வங்கிக் கணக்கு திறக்கலாம், நிகழ்ச்சி நடத்தலாம். மேலே சொன்ன 40 வீதப் பேச்சு உரிமை மட்டும் தொழிற்சங்கத்துக்குத்தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட வேண்டாம்.

தொகையை ஓர் உதாரணமாகப் போட்டுப் பாருங்கள். 40 உறுப்பினர், மாதம் 500 ரூபா. எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் வருடம் 240,000. கட்டமாட்டார்கள். வேலை இல்லாத மாதத்தில் சந்தா கேட்பதே பிழை. ஆகவே வேலை கிடைத்த தயாரிப்பின் கட்டணத்தில் 2 வீதம் என்று வையுங்கள், மாதச் சந்தா வேண்டாம். 40,000 ரூபா வாங்கினவர் 800 கொடுப்பார். வாங்காதவர் எதுவும் கொடுக்க வேண்டாம், உறுப்புரிமையும் போகாது.

கொடுக்கும் விதி இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். நோய், விபத்து, நின்றுபோன மேடையேற்றம், குடும்பத்தில் மரணம் ஆகிய நான்குக்கு மட்டும். ஒருவருக்கு வருடத்தில் ஒரு தடவை. உச்சத்தொகை நிதியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 150,000 இருக்கும்போது ஒருவருக்கு 15,000. முதலில் கேட்ட இரண்டு பேருக்கே பாதியைக் கொடுத்துவிட்டு மூன்றாவது ஆளுக்குக் கையை விரித்தால், நிதி அன்றோடு செத்தது. விண்ணப்பத்தைப் பார்க்கிற மூவரில் நெறியாளர் இருக்கவே கூடாது. கஷ்டத்தைச் சொல்லி உதவி கேட்டவர் அடுத்த மாதம் அதே ஆளிடம் பாத்திரம் கேட்க வேண்டிவரும். பெயரைப் பொதுக்குழுவில் வாசிக்காமல் தொகையை மட்டும் கணக்கில் காட்டுங்கள். நோய், விபத்து, முதுமை, வேலையின்மைக்கு உறுப்பினருக்கு உதவி கொடுக்கத் தொழிற்சங்கச் சட்டம் இடம் தருகிறது. நோக்கத்தில் எழுதாததுக்குச் செலவழித்தால்தான் சிக்கல்.

வரி. நிறுவனம் ஒன்று சேவைக் கட்டணமாக ஒரு மாதத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுத்தால் 5 வீதத்தைக் கழித்துக் கட்டுகிற முறை 2023 தையில் திரும்ப வந்தது. கழித்தார்கள் என்றால் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வருடாந்த வரி விபரத்திரட்டில் அதைக் காட்டித்தான் கழித்த காசை உங்கள் வரிக்கு ஈடு செய்யலாம். சான்றிதழ் இல்லாவிட்டால் போனது போனதுதான். மதிப்பீட்டாண்டு சித்திரை முதலாம் திகதியிலிருந்து அடுத்த பங்குனி 31 வரை. விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் கார்த்திகை 30. வரி இலக்கம் இல்லாத உறுப்பினருக்கு அதைப் பதிந்து கொடுக்க ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் அதுவே பெரிய உதவி.

ஓய்வுகாலம் பற்றி யாருமே கேட்பதில்லை. ஊழியராக இருந்தால் சேமலாப நிதிக்கு அவர் 8 வீதம், வேலைகொள்வோர் 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம் போகும். சுயாதீனருக்கு இதில் ஒரு சதமும் இல்லை. ஆகவே கட்டணம் பேசும்போது அந்த 15 வீதத்தை மேலே போட்டுப் பேச வேண்டும். சுயதொழிலாளருக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ‘சுரெகும’ ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. இளம் வயதில் சேர்ந்தால் தவணை சிறிது. மூத்த கலைஞருக்கு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த டவர் ஹோல் அரங்க மன்றம் ஓய்வூதியம் கொடுக்கிறது. இப்படியான எந்த விண்ணப்பத்துக்கும் சான்று வேண்டும். நிகழ்ச்சித் தாள், பத்திரிகை விளம்பரம், மண்டபப் பற்றுச்சீட்டு. நடிகரின் பெயரைத் தாளில் போட்டு, திகதியும் வருடமும் அச்சடிப்பது நெறியாளரின் கையில்தான் இருக்கிறது. “பங்குனி 12, மாலை 6” என்று மட்டும் போட்ட தாள் இருபது வருடத்துக்குப் பிறகு எதையும் நிரூபிக்காது.

—

மேடைவாசல்:

இவ்வளவு விபரமாக எழுதியதற்கு மூவருக்கும் நன்றி. ஆசனம் ஒன்றுதான் என்பதை எட்டுப் பேரிடமும் வைக்கிறேன். அது சரியென்று எனக்கும் படுகிறது.

கடிதத்தில் என்ன எழுதுவது? ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். நாலு பக்கம் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள். கட்டணத்தை எப்படிக் கணக்கிட்டுக் கேட்பது என்பதும் எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தொகையை வாயால் சொல்லப் பழகிவிட்டோம்.

—

பிரதிக்காரி எழுதுகிறார்:

கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நெறியாளர் ஒருவருக்கு 75,000 ரூபா பேசியதாக வைப்போம். பத்து வாரம், வாரம் மூன்று ஒத்திகை, ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம்: 90. பிரதி திருத்தம், நடிகர் தெரிவு, வடிவமைப்பாளரோடு இருப்பது: 25. தொழில்நுட்ப ஒத்திகையும் உடை ஒத்திகையும் இரண்டு நாள்: 16. இரண்டு காட்சி, வந்து போகும்வரை ஐந்து மணித்தியாலம் வீதம்: 10. மொத்தம் 141 மணித்தியாலம். 75,000ஐப் பிரித்தால் மணிக்கு 532 ரூபா. 34 நாள் போய்வர நாளுக்கு 300 ரூபா என்றாலும் 10,200 போகும். மிச்சம் 64,800, மணிக்கு 460. நடிகருக்கும் உடைக்காரருக்கும் இதே கணக்கைப் போட்டு, அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தயாரிப்பாளரோடு கதைக்க வேண்டும். சங்கம் முதலில் தயாரிக்க வேண்டியதும் இந்த வெற்றுத் தாள்தான். இத்தனை ரூபாதான் வாங்க வேண்டும் என்று விலைப்பட்டியல் போட்டால் சிறிய குழுக்கள் பயந்து ஒதுங்கும். மணிக்கணக்குத் தாளுக்கு அந்தப் பயம் இல்லை.

ஒரு பக்கக் கடிதம். யார் யாருக்கு, அடையாள அட்டை இலக்கம், வேலை என்ன. “ஒளி” என்று மட்டும் எழுதாதீர்கள். “ஒளி வடிவமைப்பும், இரண்டு காட்சிக்கும் இயக்குவதும்” என்று எழுதுங்கள். தொடங்கும் நாள், முடியும் நாள், எத்தனை ஒத்திகை. அதற்கு மேல் வைத்தால் ஒரு ஒத்திகைக்கு எவ்வளவு. பிறகு கட்டணம், பயணம் தனியாக.

காசு கொடுக்கும் நாட்கள்தான் கடிதத்தின் உயிர். கையொப்பத்தில் 30 வீதம், ஒத்திகை நடுவில் 30, மீதி 40 முதல் காட்சிக்குத் திரை விலக முன். “காட்சி முடிந்து ஒரு கிழமைக்குள்” என்று எழுத விடாதீர்கள். காட்சி முடிந்த இரவில் மண்டபம், ஒலி, சாப்பாடு என்று கையிலிருக்கும் காசு முதலில் அங்கே போகும். அனுசரணையாளரின் காசோலை ஒரு மாதமோ இரண்டு மாதமோ பிந்தி வரும். தயாரிப்பாளர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை, காசு வரும் ஒழுங்கே அப்படித்தான். அந்த இடைவெளியை நடிகர் தாங்கக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டி வாங்குவது.

நிறுத்தம். 2019 சித்திரையில் குண்டுவெடிப்பு, 2020 பங்குனியில் கொரோனா, 2022இல் மின்வெட்டும் பெற்றோல் வரிசையும். நாலு வருடத்துக்குள் மூன்று தடவை மண்டபங்கள் இருண்டன. ஆகவே இதை ஒதுக்க முடியாது. நான் பரிந்துரைக்கும் அளவு: தயாரிப்பாளரே நிறுத்தினால், காட்சிக்கு 30 நாளுக்கு முன் என்றால் செய்த ஒத்திகைக்கு உரியது, 30க்கும் 8க்கும் இடையில் என்றால் மொத்தத்தில் பாதி அல்லது செய்த வேலைக்குரியது, எது கூடவோ அது. கடைசி 7 நாளுக்குள் என்றால் முழுத் தொகை. ஊரடங்கு, வெள்ளம் போல யார் கையிலும் இல்லாத காரணம் என்றால் செய்த ஒத்திகைக்குரியதைக் கொடுத்து, புதுத் திகதிக்கு முதலில் இவரையே கேட்க வேண்டும். கலைஞர் விலகினாலும் இதே நாட்கணக்கில் முற்பணம் திரும்பும். ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதினால் தயாரிப்பாளர் கையொப்பமிட மாட்டார்.

பொது ஆற்றுகைக்கான அனுமதி எடுப்பது யார், மண்டபக் கட்டணம் யார் தலையில் என்பதற்கு ஒரு வரி. அனுமதி பிந்தியதால் காட்சி நின்றால் அது தயாரிப்பாளரின் நிறுத்தம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாடகப் படைப்பையும் மேடைக்காக ஆக்கிய படைப்பையும் காக்கிறது. நடிகருக்கு ஆற்றுகையாளர் உரிமை தனியாக இருக்கிறது, அவர் சம்மதமில்லாமல் ஆற்றுகையைப் பதிவு செய்ய முடியாது. பொருளாதார உரிமையைக் கைமாற்றுவதானால் எழுத்தில், இரு பகுதியும் கையொப்பமிட்டு இருக்க வேண்டும். நடப்பில் என்ன நடக்கிறது? காட்சி நாளில் கமராவோடு யாரோ வருகிறார்கள், மறுநாள் முழு நாடகமும் யூடியூப்பில் கிடக்கிறது, அடுத்த மேடையேற்றத்துக்கு நுழைவுச்சீட்டு விலைப்படவில்லை. ஆகவே “விளம்பரத்துக்கு மூன்று நிமிடம் வரை பதியலாம், அதற்கு மேல் எல்லோரின் எழுத்துச் சம்மதமும் தனிக் கட்டணமும் வேண்டும்” என்று ஒரு வரி.

நெறியாளரின் மேடைப் பிரதிக்கும் ஒரு வரி போடுங்கள். அசைவு, இடம், விளக்கு மாறும் கணம் எல்லாம் பென்சிலால் குறித்த அந்தக் கொப்பி நெறியாளருடையது. மீள மேடையேற்றும்போது முதலில் அவரை அழைக்க வேண்டும், அவர் வராமல் அவருடைய குறிப்பைக் கொண்டு செய்தால் கட்டணத்தில் குறித்த ஒரு பங்கு அவருக்கு. சட்டம் இதை வெளிப்படையாகச் சொல்லாததால்தான் கடிதம் சொல்ல வேண்டும்.

—

ஏழாம்கையொப்பம்:

கடிதம் ஏன் அவசியம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைப் பலர் தெரியாமல் காசை இழக்கிறார்கள். வழக்குத் தொடுக்கும் கால எல்லை பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட ஒரு வருடம்தான். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம். “அண்ணைக்கு அனுசரணைக் காசு வரட்டும், பிறகு கேட்போம்” என்று காத்திருந்து பதின்மூன்றாவது மாதம் போனால் கதவு மூடியிருக்கும்.

காசு வராவிட்டால் செய்யும் ஒழுங்கு: உரிய நாள் கடந்து இரண்டு கிழமைக்குள் எழுத்தில் நினைவூட்டல். குரல் பதிவாகப் பேசியிருந்தால் அதையே எழுத்தில் திரும்ப அனுப்பி “நேற்று நீங்கள் சொன்னபடி” என்று பதிய வையுங்கள். மின்னணுச் செய்திக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் சட்ட அங்கீகாரம் தருகிறது, ஆனால் வட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்தியைப் போட்டு வைத்திருந்தால் காட்ட எதுவும் இராது. அந்த வசதியை நிறுத்திவிட்டு, உரையாடலை மின்னஞ்சலுக்கு ஏற்றி வையுங்கள். அடுத்தது பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம், 14 நாள் தவணை. அதை நெறியாளரோ கலைஞரோ அல்ல, சங்கச் செயலாளர் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். சண்டை ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் இல்லாமல் போவது இங்கேதான். அதற்கும் மசியாவிட்டால் மத்தியஸ்த சபை. சிறு தொகைகளுக்கு அங்கே போகாமல் நேரே நீதிமன்றம் போக முடியாது. சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை, இணக்கம் வராவிட்டால் சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டு வழக்குப் போடலாம். வருமானம் குறைந்தவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

காசு கொடுக்காதவர் பெயரை முகநூலில் போடாதீர்கள். அவதூறு என்று திருப்பி அடிப்பார்கள், தகராறு காசிலிருந்து மானத்துக்கு மாறிவிடும். திகதி, தொகை, அனுப்பிய கடிதம் என்று சங்கத்தின் கொப்பியில் பதியுங்கள். உறுப்பினர் ஒருவர் “இன்னாரோடு வேலை செய்யலாமா” என்று கேட்டால் அந்தப் பதிவில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள்.

—

பட்டறைவிளக்கு:

ஒன்று விட்டுப்போனது. செயலாளர் வேலையை யாரும் சும்மா செய்யக் கூடாது. கடிதம் எழுதி, தொலைபேசி எடுத்து, பிரதேச செயலகத்துக்கு மூன்று தரம் அலைகிற ஆள் அந்த நாட்களில் வேறு வேலை செய்ய முடியாது. 2020இல் பிரித்தானியாவில் அரங்குகள் மூடியபோது நூற்றுக்கு மேற்பட்ட அரங்க நிறுவனங்கள் தங்கள் காசில் சுயாதீனர்களை அமர்த்தி ஒரு பணிக்குழு வைத்தன. பேசுகிற நேரத்துக்கும் கூலி என்பதை ஏற்றுக்கொண்டார்கள். எங்களால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் நாளுக்கு 2,000 ரூபாவும் ஓட்டோக் காசும் நிதியிலிருந்து போக வேண்டும் என்று யாப்பில் எழுதலாம். இல்லாவிட்டால் வீட்டில் வசதி இருக்கிறவர் மட்டுமே செயலாளராக வருவார், மற்றவர்களின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருக்காது.

—

மேடைவாசல்:

சரி. எட்டுப் பேரின் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதத் தொடங்கிவிட்டேன். 9 மணி, ஏணி, மேடை முகாமையாளர், 30–30–40 நாலும் அதில் இருக்கின்றன. ஒருவர் மட்டும் “திரை விலக முன் 40 வீதம்” என்பதற்குத் தயங்குகிறார். தானே தயாரிப்பாளராக நிற்கும் நாடகத்தில் அந்த நேரம் கையில் காசு இருக்காது என்கிறார். என்ன சொல்வது?

—

நாலாம்பத்தி:

அவர் சொல்வது உண்மைதான். அப்படியென்றால் வரவு செலவைத் தலைகீழாகப் போடச் சொல்லுங்கள். ஆட்களின் கட்டணத்தை முதல் வரியில் எழுதி, கையில் உறுதியாக இருக்கும் காசிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தில் மண்டபமும் காட்சியமைப்பும் பார்க்கட்டும். நுழைவுச்சீட்டுக் காசைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மிச்சம் போதாவிட்டால் இரண்டு காட்சியை ஒன்றாக்கலாம், பெரிய மண்டபத்தை விட்டுச் சிறியதற்குப் போகலாம், பன்னிரண்டு பேர் பிரதியை ஏழு பேருக்குச் சுருக்கலாம். அதற்கும் போதாவிட்டால், இது சம்பளமில்லாத நாடகம் என்று முதல் ஒத்திகைக்கு முன்பே எழுத்தில் சொல்லி, விரும்பி வருகிறவரோடு செய்யலாம், வருமானம் வந்தால் பங்கு எத்தனை என்பதையும் குறித்து. அந்தத் தாளுக்கு இன்னொரு படிவம் வேண்டும். இரண்டையும் ஒரே உறையில் வைத்துக் கொடுங்கள், எந்த நாடகத்துக்கு எது என்று அவரே தெரிவு செய்யட்டும்.